எந்த நூற்றுக்கு ஐந்து?

விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் உங்களில் ஒருவர் இனிப்புப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்தார். வேலை உறுதியாகிவிட்டதாம். சம்பளத்துக்கு மேல் ஏழு பர்சென்ட் கமிஷன் என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். எதில் ஏழு என்று கேட்டேன். விற்பனையில் என்றார். எந்த விற்பனையில்? பில் போட்ட தொகையிலா, தள்ளுபடி போக மீதியிலா, கைக்கு வந்து சேர்ந்த பணத்திலா? சரக்கு திரும்பி வந்தால் யார் தலையில் கழிப்பார்கள்? "அதெல்லாம் ஆபீஸ்ல பாத்துப் போடுவாங்க சார்" என்றார். அவர் கொண்டுவந்த மைசூர்பாகைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஆபீஸில் பார்த்துத்தான் போடுவார்கள். என் பயமே அதுதான்.

உங்கள் மேலாளர் என்னிடம் கேட்டது வேறு. வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறவரை எப்படித் திருப்புவது என்று நாலு பக்கம் எழுதித் தாருங்கள், இளைஞர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்றார். ஊக்கத்துக்கு உங்களிடம் குறைவே இல்லை. உங்களுக்கு இல்லாதது சந்தேகம். ஓய்வு பெற்றவனுக்குக் கோபம் தணிந்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்குத் தணியவில்லை. வயதாக ஆக அது இறுகிக்கொண்டுதான் வருகிறது. ஆகவே அந்தக் கோபத்தையே எழுதித் தருகிறேன். வேண்டுமென்றால் மேலாளர் கிழித்துப் போடட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலையிலிருந்து கம்பி வழியாகக் கரண்ட் இறங்கி எங்கள் பக்கம் வந்த புதிது. கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கடையில் விற்பனையாளாகச் சேர்ந்தேன். கடைக்கு முன்னால் பெரிய வாசல், பின்னால் வண்டிமாடு கட்டும் கொட்டகை. முதலாளி மெட்ராஸில் படித்தவர். கோட்டுப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்காருவார். விற்பனைக்கு நாங்கள் இரண்டு பேர். நானும், கோட்டைமேட்டிலிருந்து வரும் ஒரு ராவுத்தரும். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேலைக்குச் சேர்ந்தது என்னவோ இருவரும் ஒரே வாரத்தில்.

அதுவரை எங்கள் ஊர்க் கடைகளில் தரகு என்றால் ரூபாய்க்கு இத்தனை அணா என்பதுதான் பேச்சு. ரூபாய் கைமாறும்போதே அணா தனியாக வந்துவிடும். எந்த ரூபாய்க்கு எந்த அணா என்று கண்ணெதிரே தெரியும். எங்கள் முதலாளிக்கு அது பட்டிக்காட்டு வழக்கமாகப் பட்டது. "இங்க பர்சென்ட்தானுங்க. மாசம் இருவது ரூவா சம்பளம், விக்கற சரக்குக்கு நூத்துக்கு அஞ்சு. வருசக் கடைசியில மொத்தமா வாங்கிக்குங்க" என்றார். பர்சென்ட் என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். ஏதோ உத்தியோக உயர்வு கிடைத்ததுபோல இருந்தது. நானும் எதில் ஐந்து என்று கேட்கவில்லை. யாருக்குத் தோன்றும்? ஒரு செட் ஐந்நூறு ரூபாய். நூற்றுக்கு ஐந்து வீதம் ஐந்நூறுக்கு இருபத்தைந்து. பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்கு.

ஆனால் செட் நகரவில்லை. அப்போது தோட்டங்களில் கவலைதான். கிணற்று மேட்டில் ஒரு ஜோடி எருது முன்னும் பின்னும் நடந்து, தோல்பறியில் தண்ணீர் மொண்டு வாய்க்காலில் ஊற்றும். அதற்குக் கவலை இறைப்பது என்று பெயர். தோட்டக்காரர்கள் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். தொட்டுப் பார்ப்பார்கள். மோர் கொடுப்பார்கள். கடைசியில் "பாக்கலாமுங்க" என்பார்கள். எங்கள் சீமையில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதில்லை. பாக்கலாமுங்க என்றால் போய்வாருங்கள் என்று பொருள். இது தெரியாமல் நான் முதல் மூன்று மாதம் வீடு வீடாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன்.

அவர்கள் தயங்கியதற்குக் காரணம் கரண்டின் மேல் இருந்த பயமல்ல. மோட்டார் வந்தால் கவலை எருது சும்மா நிற்கும். சும்மா நிற்கிற எருதும் தீவனம் தின்னும். விற்கலாமென்றால், பருத்திக்கு விலை விழுந்து கிடந்த காலம், உள்ளூரில் வாங்குகிறவன் ஏறிட்டுப் பார்க்க மாட்டான். எருதையும் வைத்துக்கொண்டு ஐந்நூறு ரூபாயையும் எங்கிருந்து புரட்டுவது? சூலூரில் ஒரு தோட்டக்காரர் இதை என்னிடம் உடைத்தே சொன்னார். "மோட்டாரு வந்தா இந்த மாட்டை என்னுங்க பண்றது? உங்க மொதலாளி கட்டிக்குவாரா?"

ஏன் கட்டிக்கொள்ளக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. எருதை நியாய விலைக்கு எடுத்துக்கொண்டு, அதைச் செட் விலையில் கழித்துக்கொள்ளலாம். எருதைப் பெரிய சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றால் கடைக்கு நட்டமில்லை. முதலாளி முதலில் சிரித்தார். "நம்ம என்ன மாட்டு யாவாரமா பண்றோம்?" என்றார். நான் விடவில்லை. சூலூர்க்காரரின் ஜோடியைக் கடைக் கொட்டகையில் கொண்டுவந்து கட்டினேன். பத்து நாளில் அது நல்ல விலைக்குப் போயிற்று. அதன் பிறகு முதலாளி சிரிக்கவில்லை. அந்த வருஷம் நான் விற்ற பன்னிரண்டு செட்டில் எட்டு செட் எருது கொடுத்து வாங்கியவை.

சூலூரில் மோட்டார் பூட்டிய நாளை நான் மறக்கவில்லை. தண்ணீர் குழாயில் குபுகுபுவென்று வந்து விழுந்ததும் ஊரே வாய் பிளந்து நின்றது. தோட்டக்காரரின் மகள் நாச்சம்மாள் மட்டும் என்னைப் பார்த்து, "ஏனுங்க, கரண்டு நின்னுபோச்சுன்னா என்னுங்க பண்றது? மாட்டையும் ஓட்டிட்டுப் போறீங்களே" என்றாள். எத்தனையோ பேரிடம் பேசியிருந்தேன், ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். இதைச் சொல்ல இந்த வயதில் எனக்கென்ன வெட்கம்?

சொந்தக்காரர் ஒருவரை வைத்துப் பெண் கேட்டோம். எங்கள் பக்கத்தில் அப்போது தாலிப்பொன், கூறைச்சேலை, விருந்துச் செலவு எல்லாம் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. எங்கள் வீட்டில் நிலமெல்லாம் கடனில் போய் வீடு மட்டும் மிச்சம். நாச்சம்மாளின் அப்பா நேரடியாகவே கேட்டார். "மாப்பிள்ளைக்கு வரும்படி என்னுங்க?" நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். மாதம் இருபது. அதற்கு மேல் இந்த வருஷம் பன்னிரண்டு செட், ஆறாயிரம் ரூபாய் விற்பனை, நூற்றுக்கு ஐந்து வீதம் முன்னூறு ரூபாய் கமிஷன், பங்குனிக் கடைசியில் கைக்கு வரும். அவர் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். சரியாக வந்தது. "அப்ப கணக்கு முடிஞ்சு வாங்க, சித்திரையில வெத்தல பாக்கு மாத்திக்கலாமுங்க" என்றார். முன்னூறு என்று என் வாயால் சொன்னது அந்த வீட்டில் எழுதாத பத்திரம். அதற்குக் குறைந்தால் நான் பொய்யன்.

இதற்கு நடுவே, மாசி மாதத்தில், முதலாளி எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். காப்பி வரவழைத்தார். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"மாட்டுல லாபம் நல்லா நிக்குதுங்க. இனிமே வெலையை நீங்க கொஞ்சம் அமுத்திப் பேசோணும். நூத்தம்பது பெறுமுன்னா தொண்ணூறுக்கு முடிங்க. மோட்டாரு வேணும்னு வந்தவன் திரும்பவா போவான்? கொறைக்கற பணத்துல உங்களுக்கு நூத்துக்கு இருவது."

அறுபது ரூபாய் குறைத்தால் எனக்குப் பன்னிரண்டு ரூபாய். கவனியுங்கள் பிள்ளைகளே. மழையிலும் வெயிலிலும் காடு மேடெல்லாம் சைக்கிள் மிதித்து, மோட்டார் என்றால் என்னவென்றே தெரியாதவனுக்குப் புரியவைத்து ஒரு செட் விற்றால் நூற்றுக்கு ஐந்து. நம்பி வந்தவனின் எருதை அடிமாட்டு விலைக்கு வாங்கிக் கொடுத்தால் நூற்றுக்கு இருபது! ஒரு முதலாளி உங்களிடம் உண்மையில் எதை எதிர்பார்க்கிறார் என்று தெரிய வேண்டுமா? அவர் பேச்சைக் கேட்காதீர்கள். எதற்கு அதிக பர்சென்ட் வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.

ராவுத்தர் காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "எனக்கு மாட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்களே மொதலாளி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அப்பாவே வண்டிமாட்டு வியாபாரி. பல்லைப் பார்க்காமலே வயதைச் சொல்லக்கூடியவர் எங்கள் ராவுத்தர். ஆனால் முகத்தை அவ்வளவு அப்பாவியாக வைத்துக்கொண்டு அவர் தப்பித்துக்கொண்டார். மாட்டுப் பேச்சு முழுவதும் என் தலையில் விழுந்தது. நான் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. பாக்கலாமுங்க என்றேன். மெட்ராஸில் படித்தவருக்கு அதன் பொருள் மறந்துவிட்டது போலும்.

நாலு நாள் கழித்துக் கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு கவுண்டர் வந்தார். முன்பே செட்டுக்குச் சொல்லி வைத்திருந்தவர். கவலையில் இறைத்துக் கட்டுப்படியாகாத அளவுக்குக் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. பருத்தி காய் பிடிக்கிற நேரம். பத்து நாளில் தண்ணீர் பாயாவிட்டால் வெள்ளாமை போய்விடும் என்ற நிலை. எருதுகளைக் கையோடு ஓட்டியே வந்துவிட்டார். நல்ல காங்கேயம் ஜோடி. முதல் நாள்தான் அவிநாசிப் பக்கம் சந்தையில் அதே மாதிரி ஜோடி நூற்றைம்பதுக்கு மேல் போனதை நான் பார்த்திருந்தேன். கடை வாசலில் அன்றைக்கு வேறு ஊர்த் தோட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முதலாளி வாசற்படிக்கே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மாட்டு விலையை எங்கள் ஊரில் நாலு பேர் காதுபட வாய்விட்டுப் பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரலை அமுக்கித்தான் பேசுவார்கள். ஒரு விரலுக்குப் பத்து ரூபாய். வெளியே நிற்கிறவனுக்கு முகம் தெரியும், விலை தெரியாது. முடிந்தது என்று சொல்லித் துண்டை எடுத்து, கயிறும் கை மாறிவிட்டால் அப்புறம் அந்த விலை மாறாது. மாற்றியவனோடு சந்தையில் யாரும் துண்டு போட மாட்டார்கள்.

துண்டுக்கடியில் கவுண்டரின் கையைப் பிடித்தேன். "ஏனுங்க தம்பி, என்ற கெதி உங்களுக்கே தெரியும். பாத்து சொல்லுங்க" என்றார். தொண்ணூறு என்று நான் அமுக்கியிருந்தால் அவர் வாங்கிக்கொண்டிருப்பார். சத்தியமாக வாங்கிக்கொண்டிருப்பார். காய்ந்துகொண்டிருக்கும் பருத்தி அவர் வாயைக் கட்டிவிட்டது. அது முதலாளிக்கும் தெரியும். பின்னாலிருந்து அவர் தொண்டையைக் கனைத்தது கேட்டது. பன்னிரண்டு ரூபாய். அது கிட்டத்தட்ட ஒரு கூறைச்சேலைக்கான பணம். இதையெல்லாம் நான் அப்போது நினைக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். எல்லாவற்றையும் நினைத்தேன். சூலூரையும் நினைத்தேன். அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து மூன்று முறை அமுக்கினேன். பதினைந்து பத்து.

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தப்பாக அமுக்கிவிட்டேனோ என்று நினைத்திருப்பார். மறுபடியும் மூன்று முறை அமுக்கிவிட்டு, "முடிஞ்சுதுங்க" என்று துண்டை எடுத்தேன். அவர் கயிற்றை என் கையில் கொடுத்தார். பிறகு முதலாளியிடம் திரும்பிப் பெரிய கும்பிடாகப் போட்டார்.

"நூத்தம்பதுங்க! கஷ்டத்துல இருக்கறவன்னு அடிச்சுப் பேசாம சந்தை வெலையே போட்டுக் குடுத்துபோட்டீங்க. நீங்க நல்லா இருக்கோணும் மொதலாளி."

வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். முதலாளியால் என்ன செய்ய முடியும்? எழுந்து நின்று கும்பிட்டார். "அட, நம்ம கடையில அதெல்லாம் நாயமாத்தானுங்க இருக்கும்" என்றார். அந்த வாசலில் நின்றவர்களில் மூன்று பேர் அந்த மாதமே எருதோடு வந்து செட் வாங்கினார்கள், ராவுத்தர் கணக்கில். கடைக்கு ஜில்லா முழுவதும் நல்ல பெயர். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்ததற்கு நூற்றுக்கு எத்தனை என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கடை பூட்டினதும் முதலாளி முன்னால் போய்விட்டார். ராவுத்தர்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கூடவே வந்தார். "நீங்க வெலையைச் சொன்னீங்க, நான் வாயை மூடிக்கிட்டேன். ரெண்டு பேரும் யாரையும் ஏமாத்தலீங்க. ஆனா யாரு ஊட்டு அடுப்பு எரியப் போகுதுன்னு பங்குனியில பாருங்க" என்றார். அவர்மேல் எனக்கு அப்போது எரிச்சலாக வந்தது. பிறகு யோசித்தால், அவர் தப்பித்துக்கொண்டதால்தானே துண்டுக்கடியில் என் கை இருந்தது, தொண்ணூறுக்கு ஒப்புக்கொள்கிற வேறொரு கை இருக்கவில்லை என்றும் தோன்றுகிறது. இருந்தாலும் முழுதாக அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

பங்குனிக் கடைசியில் கணக்குப் பார்த்தோம். எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். முதலாளி அவ்வளவு மரியாதையாகப் பேசினார்.

"தம்பி, மொத்தம் ஆறாயிரமுங்க. அதுல மாடா வந்தது ஆயிரத்து எரநூறு. மாடு சரக்கு இல்லீங்க, நம்ம கொள்முதல். அதுக்குக் கமிசன் கெடையாது. தவணை பாக்கி ஆயிரத்து எண்ணூறு. வராத பணத்துக்கு நான் எப்படிங்க கமிசன் குடுக்கறது? மீதி மூவாயிரம். நூத்துக்கு அஞ்சு, நூத்தம்பது. அதுல அந்தக் கருமத்தம்பட்டி மாட்டுக்கு நீங்க எச்சாக் குடுத்த அறுபதைக் கழிச்சுக்குங்க. தொண்ணூறு."

முன்னூறு தொண்ணூறாகிவிட்டது. அவர் ஐந்தைத் தொடவே இல்லை என்பதைப் பாருங்கள். ஐந்து ஐந்தாகவே இருந்தது. அவர் நூற்றைத்தான் தின்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "மாட்டை வாங்கித்தானுங்க மோட்டாரு வித்தது. மாடு சேந்தாத்தான் ஐந்நூறு. பில்லுல ஐந்நூறுன்னுதானே போட்டிருக்குது?" என்றேன். "பில்லு அவங்களுக்குங்க, கணக்கு நமக்குங்க" என்றார். "அந்த அறுபதைத் தனியாவும் கழிச்சுட்டீங்க. மாட்டு வெலையிலயும் அதே அறுபது உள்ள இருக்குது, அதனால ரொக்கம் கொறைஞ்சு கமிசன்லயும் மூணு ரூவா போச்சு. ஒரே அறுபதுக்கு ரெண்டு தடவை அடிக்கறீங்களே!" என்றேன். அவர் பென்சிலால் போட்டுப் பார்த்தார். "அட, ஆமாங்க. கெட்டிக்காரருங்க நீங்க" என்று பாராட்டினார். மூன்று ரூபாயைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் சூலூருக்குப் போனேன். அவர்கள் காதுக்கு வேறு வழியாகப் போவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நாச்சம்மாளின் அப்பா பொறுமையாகக் கேட்டார். அவரும் அதே கடையில் எருது கொடுத்து மோட்டார் வாங்கியவர். என் கையால் நியாய விலை பெற்றவர். அவராவது புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

"நீங்க பண்ணுனது நாயந்தானுங்க. ஆனா ஒண்ணு. மொதலாளி காசுல தர்மம் பண்ற மாப்பிள்ளை, நாளைக்கு மாமனாரு காசுலயும் பண்ணுவாருங்களே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. அந்த அறுபது ரூபாய் முதலாளியுடையது என்று யார் சொன்னது? எருது கவுண்டருடையது. அதன் விலையும் கவுண்டருடையது. கைக்கு வராத கொள்ளையைக்கூடச் சொந்தப் பணமாக நினைக்கப் பழகிவிட்டால், அதை விட்டுக்கொடுப்பது தர்மமாகத் தெரிகிறது. இதையெல்லாம் அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளேயிருந்து வளையல் சத்தம் கேட்டது. நாச்சம்மாள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் எழுந்துகொண்டேன்.

"வைகாசி வரைக்கும் பொறுப்பனுங்க. முன்னூறு வேண்டாம், ஒரு நூத்தம்பதாச்சும் கையில இருந்தா வாங்க. தாலிப்பொன்னுக்கு அதுக்குக் கொறையாதுங்க" என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை. பாக்கலாமுங்க என்றும் சொல்லவில்லை. அது ஒரு பெரிய மனது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

என்னிடம் இருந்தது தொண்ணூறு. வேண்டியது அறுபது. வேறெங்கோ போன அறுபதல்ல, அதே அறுபது.

சித்திரையில் பெரிய மாட்டுச் சந்தை கூடியது. முதலாளி அந்தக் காங்கேயம் ஜோடியை அதுவரை கொட்டகையில் கட்டி, கடை வண்டிக்குப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் ராவுத்தர் என் வீட்டுக்கு ஓடியே வந்தார். மூச்சு வாங்கியது. "நூத்தி எழுவத்தஞ்சுங்க! அந்த ஜோடி நூத்தி எழுவத்தஞ்சுக்குப் போயிருச்சு. நட்டமே இல்லைங்க. போய்க் கேளுங்க, இப்பவே போங்க" என்றார். இந்த முறை அவரும் என்னோடு கடைக்கு வந்தார். வாசலோடு நின்றுகொண்டார் என்பது வேறு விஷயம்.

முதலாளி நல்ல சந்தோஷத்தில் இருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அந்த மாட்டுல நட்டம்னுதானுங்க அறுபது புடிச்சீங்க. இப்ப லாபம் வந்திருக்குது. அந்த அறுபதைக் குடுத்துருங்க" என்றேன். எதற்காகக் கேட்கிறேன் என்பதையும் சொன்னேன். சூலூரைச் சொன்னேன், வைகாசியைச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நட்டத்துக்குப் புடிக்கலீங்களே. நான் தொண்ணூறுன்னு சொன்னேன், நீங்க மீறுனீங்க. அது அதோட முடிஞ்சுதுங்க" என்றார் அவர். பிறகு எதையோ யோசித்து, முகம் மலர்ந்து, பென்சிலை எடுத்தார். "ஆனா உங்களை வெறுங்கையோட அனுப்பினா நல்லாயிருக்காதுங்க. நூத்தம்பதுக்கு வாங்குனோம், நூத்தி எழுவத்தஞ்சுக்கு வித்தோம். லாபம் இருவத்தஞ்சு. அதுல உங்க அஞ்சு பர்சென்ட் உங்களுக்குத்தான்."

கல்லாவைத் திறந்து ஒரு ரூபாயும் ஒரு நாலணாவும் எடுத்து மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். கேலி செய்யவில்லை. மனதார, தாராளமாகத்தான் கொடுத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றோடு அந்தக் கடையை விட்டேன். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டேனா என்றால், எடுத்துக்கொண்டேன். என் உழைப்பு அது. அவருக்கு எதற்கு விட வேண்டும்? ராவுத்தர் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு முப்பது ரூபாய் புரட்டிக் கொடுத்தார். மீதி புரளவில்லை. வைகாசி முடிந்தது. ஆவணியில் நாச்சம்மாளுக்குப் பல்லடத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு பருத்தி ஜின்னிங் பாக்டரியில் கணக்கு வேலை, கமிஷன் இல்லாத முழுச் சம்பளம் என்று சொன்னார்கள்.

நீங்கள் ஏழு பர்சென்ட் என்று சந்தோஷமாகச் சொல்லும்போது எனக்கு அந்த மேசையும் பென்சிலும்தான் கண்முன் வருகின்றன. இருபத்தைந்துக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஒன்றேகால் ரூபாய். எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது. அந்த மூன்று ரூபாயை விட்டுவிட்டால், அந்த மனிதர் என்னிடம் ஒருநாளும் தப்புக் கணக்குப் போட்டதே இல்லை.